தானே எழும் கணினி, தானே அணையும் கணினி: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் மேசைக் கணினியின் மின்சாரத் தொல்லைகளைப் பற்றியவையே மிகுதி. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருப்பதால் ஐந்து கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, கடைக்குத் தூக்கிச் செல்வதற்கு முன் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடியவற்றைச் சற்று விரிவாக எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஓர் அலுவலகத்தில் ஓடிய பழைய மேசைக் கணினியை, புதுப்பித்து விற்கும் கடை ஒன்றில் ஆறு மாதங்களுக்கு முன் வாங்கினேன். நூல் வியாபாரக் கணக்குகளை அதில்தான் எழுதுகிறேன். இரவு பத்து மணிக்கு முறையாக 'ஷட் டவுன்' செய்துவிட்டுத்தான் படுக்கப் போகிறேன். ஆனாலும் வாரத்தில் ஓரிரு நாள், காலையில் எழுந்து பார்த்தால் கணினி ஓடிக்கொண்டிருக்கிறது. வீட்டில் வேறு யாரும் அதைத் தொடுவதில்லை. மதர்போர்டை மாற்ற வேண்டும் என்கிறார் கடைக்காரர். என் மாமியார் வேறு ஒரு காரணம் சொல்கிறார். எதை நம்புவது? – வாசகி, ஈரோடு

பதில்: இரண்டில் கடைக்காரர் சொல்லும் காரணம்தான் அதிகச் செலவு வைக்கும். இரண்டையும் இப்போதைக்கு ஒதுக்கி வைப்போம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் கணினியில் பழுது இருப்பதாகவே தோன்றவில்லை. யாரோ எப்போதோ அதற்குச் சொல்லி வைத்ததை அது பிசகாமல் செய்துகொண்டிருக்கிறது.

இதைப் புரிந்துகொள்ள, கணினியின் முன்புறப் பொத்தான் உண்மையில் என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1995-இல் இன்டெல் நிறுவனம் ஏடிஎக்ஸ் என்னும் வடிவமைப்பைக் கொண்டுவரும் வரை, அந்தப் பொத்தான் நம் வீட்டு விளக்கின் சுவிட்சைப் போன்றதாகவே இருந்தது. அழுத்தினால் 230 வோல்ட் மின்சாரமே துண்டிக்கப்படும். விண்டோஸ் 95 காலத்துக் கணினிகளில், வேலையை முடித்ததும் 'இனி நீங்கள் கணினியை அணைத்துவிடலாம்' என்ற பொருளில் திரையில் ஓர் அறிவிப்பு வந்து நிற்கும், நாம் கையால் பொத்தானை அழுத்தி அணைப்போம் என்பதைப் பழைய ஆட்கள் நினைவில் வைத்திருப்பார்கள். ஏடிஎக்ஸ் வந்த பிறகு அந்தப் பொத்தான் மின்சாரத்தைத் தொடுவதே இல்லை. அது மதர்போர்டிடம், அதாவது எல்லா உறுப்புகளையும் இணைக்கும் தாய்ப்பலகையிடம், கொடுக்கப்படும் ஒரு விண்ணப்பம், அவ்வளவுதான். சுவரில் உள்ள சுவிட்ச் போட்டிருக்கும் வரை, 'அணைந்துவிட்ட' கணினியிலும் எஸ்எம்பிஎஸ் எனப்படும் மின்வழங்கிப் பெட்டி, ஊதா நிறக் கம்பி வழியாக 5 வோல்ட் மின்சாரத்தை மதர்போர்டுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அந்தச் சிறு மின்சாரத்தில் அரைத்தூக்கத்தில் விழித்திருக்கும் மதர்போர்டு, விண்ணப்பம் வந்ததும் பச்சை நிறக் கம்பியைத் தரையிணைப்போடு சேர்க்கிறது. உடனே எஸ்எம்பிஎஸ் முழுமையாக இயங்கத் தொடங்குகிறது. மின்னழுத்தங்கள் நிலைப்பட்டதும் சாம்பல் நிறக் கம்பி வழியாக 'எல்லாம் சரி' என்று திருப்பிச் சொல்கிறது. அதன் பிறகே கணினி உயிர்பெறுகிறது.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, பொத்தானைத் தவிர வேறு யாரெல்லாம் இந்த விண்ணப்பத்தைக் கொடுக்க முடியும் என்பதே. விசைப்பலகை கொடுக்கலாம், வலையமைப்புக் கம்பி வழியாக இன்னொரு கணினி கொடுக்கலாம், மதர்போர்டிலேயே உள்ள கடிகாரம் குறித்த நேரத்தில் கொடுக்கலாம், போன மின்சாரம் திரும்பி வருவதையே மதர்போர்டு ஒரு விண்ணப்பமாக எடுத்துக்கொள்ளலாம். உங்கள் கணினி முன்பு அலுவலகத்தில் இருந்தது என்பதுதான் இங்கே முக்கியமான தடயம். மின்வெட்டு முடிந்ததும் ஊழியர் யாரும் போய்ப் பொத்தானை அழுத்தாமலே கணினிகள் தாமாக எழ வேண்டும் என்பதற்காக, விண்டோஸுக்கு முன்பே ஓடும், மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் அடிப்படை நிரலான பயாஸில் அப்படி அமைத்துவிடுவது அலுவலகங்களில் வழக்கம். பழைய கணினிகளை மொத்தமாக வாங்கிப் புதுப்பிப்பவர்கள் தூசு தட்டுகிறார்கள், விண்டோஸைப் புதிதாக நிறுவுகிறார்கள். பயாஸை யாரும் திறந்து பார்ப்பதில்லை. விண்டோஸை எத்தனை முறை புதிதாக நிறுவினாலும் பயாஸில் எழுதியிருப்பது மாறாது.

சோதித்துப் பார்ப்பது எளிது. கணினியை முறையாக அணைத்துவிட்டு, சுவரில் உள்ள சுவிட்சையும் அணைத்து, அரை நிமிடம் பொறுத்து மீண்டும் போடுங்கள். நீங்கள் பொத்தானைத் தொடாமலே கணினி எழுந்தால் காரணம் கையில் கிடைத்துவிட்டது: இரவில் மின்சாரம் போய் வந்த நாள்களில்தான் அது எழுந்திருக்கிறது. கணினி தொடங்கும்போது டெலீட் அல்லது எஃப்2 விசையை விடாமல் தட்டிக்கொண்டிருந்தால் பயாஸ் திறக்கும். சில நிறுவனங்களின் கணினிகளில் எஃப்10 விசை. மின்சாரம் பற்றிய பக்கத்தில் 'ஏசி பேக்' என்றோ, 'ரெஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ்' என்றோ, 'ஆஃப்டர் பவர் லாஸ்' என்றோ ஒரு வரி இருக்கும். அதில் 'பவர் ஆன்' என்று இருப்பதைப் 'பவர் ஆஃப்' என்று மாற்றிச் சேமித்துவிடுங்கள். 'லாஸ்ட் ஸ்டேட்' என்ற மூன்றாவது தெரிவும் உண்டு. மின்சாரம் போன வேளையில் ஓடிக்கொண்டிருந்தால் மட்டும் திரும்ப எழும். உங்களுக்கு அதுவும் வேண்டாம். மின்சாரம் அடுத்தடுத்துப் போய் வரும் இரவில், ஹார்டு டிஸ்க் பாதி எழுந்த நிலையில் மீண்டும் மீண்டும் அடிபடும்.

சுவிட்ச் சோதனையில் கணினி எழவில்லையென்றால், அதே பயாஸ் பக்கத்தில் குறித்த நேரத்தில் எழுப்பும் 'ஆட்டோ ஆன்' அல்லது 'ஆர்டிசி அலாரம்', வலையமைப்பு வழியாக எழுப்பும் 'வேக் ஆன் லேன்' ஆகிய இரண்டும் அணைக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். வார நாள்களில் மட்டும், அதுவும் ஒரே நேரத்தில் எழுகிறது என்றால் முதலாவதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இன்னொன்றையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். சில நாள்களில் 'ஷட் டவுன்' என்று நினைத்து 'ஸ்லீப்' என்பதைச் சொடுக்கிவிடுகிறோமா என்பது. விண்டோஸின் மெனுவில் இரண்டும் அடுத்தடுத்தே இருக்கின்றன. ஸ்லீப் நிலையில் உள்ள கணினியை, விண்டோஸின் தானியங்கிப் பராமரிப்பு வேலை எழுப்பக்கூடும்; அதற்கு நிறுவும்போதே குறிக்கப்பட்டிருக்கும் நேரம் அதிகாலை 2 மணி. பவர் ஆப்ஷன்ஸ் பகுதியில், ஸ்லீப் என்னும் தலைப்பின் கீழ் 'வேக் டைமர்ஸ்' என்பதை அணைத்துவிட்டால் இந்த வகை விழிப்புகள் பெரும்பாலும் நின்றுவிடும்.

இரவில் சுவர் சுவிட்சையே அணைத்துவிட்டால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். போதும், இடி மின்னல் காலத்தில் அதுதான் பாதுகாப்பும்கூட. ஆனால் சுவரிலிருந்து மின்சாரம் வராத வேளைகளில், மதர்போர்டின் கடிகாரம் காசு வடிவில் உள்ள 3 வோல்ட் பேட்டரியைத் தின்றுதான் ஓடும் என்பதால், அது சற்று முன்னதாகத் தீரும். தேதி பின்னோக்கிப் போய்விட்டால் 2032 என்று எண் பொறித்த அந்தப் பேட்டரியை மாற்றிவிட்டு, மேலே சொன்ன பயாஸ் அமைப்பை மறுபடியும் சரிபாருங்கள். பேட்டரியைக் கழற்றும்போது அமைப்புகள் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிடும்.

கேள்வி: எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. மின்சாரம் போனால் மின்விசிறியும் விளக்கும் இமைக்காமல் தொடர்கின்றன. கணினி மட்டும் அணைந்து மறுபடி தொடங்குகிறது. நான்கு ஆண்டுகளாக இப்படி இல்லை. கடந்த சில மாதங்களாகத்தான். இன்வெர்ட்டர் பேட்டரியைப் புதிதாக மாற்றியும் பயனில்லை. – வாசகர், நாகர்கோவில்

பதில்: பேட்டரியை மாற்றுவதற்கு முன் எழுதியிருக்கலாமே என்று தோன்றுகிறது. மின்விசிறி நின்றுபோவதற்குள் சுற்றிய வேகத்திலேயே சில நொடிகள் சுற்றும். விளக்கு ஒரு கணம் மங்கினாலும் கண்ணுக்குத் தெரியாது. கணினியோ மில்லிவிநாடிகளில் கணக்கு வைப்பது. நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்றுகள் கொண்டது, அதாவது ஒரு சுற்றுக்கு 20 மில்லிவிநாடி. வெளியிலிருந்து வரும் மின்சாரம் அறுந்த பிறகு, எஸ்எம்பிஎஸ் தன் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் சேர்த்து வைத்திருப்பதைக் கொண்டு கணினியை முழுச்சுமையில் ஏறத்தாழ 16 மில்லிவிநாடி தாங்க வேண்டும் என்பதே வடிவமைப்பு விதி எதிர்பார்ப்பது. ஒரு சுற்றைவிடவும் குறைவு. அதற்குள் இன்வெர்ட்டர் கைகொடுத்தாக வேண்டும்.

முதலில் இன்வெர்ட்டரின் பின்புறத்தையோ முகப்பையோ பாருங்கள். வீட்டு இன்வெர்ட்டர்கள் பலவற்றில் 'யுபிஎஸ்' என்றும், 'நார்மல்' அல்லது 'எக்கோ' என்றும் இரு நிலைகள் கொண்ட ஒரு சிறு சுவிட்ச் இருக்கும். நார்மல் நிலையில், மின்னழுத்தம் வெகுவாகத் தாழ்ந்தாலும் உயர்ந்தாலும் இன்வெர்ட்டர் அதை அப்படியே உள்ளே அனுப்பும். மாறுவதற்கும் அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். யுபிஎஸ் நிலையில், 180 வோல்ட்டை ஒட்டித் தாழ்ந்ததுமே பேட்டரிக்கு மாறிவிடும்; மாறும் நேரமும் கணினி தாங்கக்கூடிய அளவுக்குக் குறையும். பேட்டரி மாற்ற வந்தவரின் கை பட்டு அந்தச் சுவிட்ச் நார்மலுக்குப் போயிருப்பதை இரண்டு வீடுகளில் நானே பார்த்திருக்கிறேன். ஆனால் உங்கள் தொல்லை பேட்டரி மாற்றுவதற்கு முன்பே தொடங்கிவிட்டதால், அது மட்டுமே காரணமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நான்கு ஆண்டுகள் தாங்கியது, இப்போது தாங்கவில்லை என்கிறீர்களே, அதுதான் எஸ்எம்பிஎஸ் பக்கம் விரலை நீட்டுகிறது. கெப்பாசிட்டர்களுக்கு உள்ளே இருக்கும் திரவம், வெப்பத்தில் ஆண்டுக்கணக்காகக் காய்ந்துகொண்டே வரும். கொள்ளளவு குறையக் குறைய, மின்சாரம் இல்லாமல் கணினியைத் தாங்கும் நேரமும் குறைகிறது. மற்ற வேளைகளில் எந்த அறிகுறியும் தெரியாது. இதை வீட்டில் சோதிக்க ஒரு வழி உண்டு. கணினி எந்த வேலையும் செய்யாமல் சும்மா இருக்கும்போது, எல்லாக் கோப்புகளையும் சேமித்து மூடிவிட்டு, மெயின் சுவிட்சை அணைத்து இன்வெர்ட்டருக்கு மாற விடுங்கள். அடுத்து, கனமான விளையாட்டு ஒன்றையோ காணொளி மாற்றும் வேலையையோ ஓடவிட்டு அதையே செய்யுங்கள். சும்மா இருக்கும்போது தாங்கி, சுமையின்போது அணைந்தால் எஸ்எம்பிஎஸ் முதுமை அடைந்துவிட்டது என்று கொள்ளலாம். இரு நிலைகளிலும் அணைந்தால் சந்தேகம் இன்வெர்ட்டரின் மேல் திரும்ப வேண்டும்.

எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்து கெப்பாசிட்டரை மட்டும் மாற்றிப் பார்க்கலாமே என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அந்தக் கெப்பாசிட்டர் 325 வோல்ட்டை ஒட்டிய நேர்மின்னழுத்தத்தில் நிற்பது. சுவிட்சை அணைத்த பிறகும் சிறிது நேரம் அதில் மின்சாரம் தங்கியிருக்கும். அது பழக்கமுள்ளவர் செய்ய வேண்டிய வேலை. புதிய எஸ்எம்பிஎஸ் வாங்குவதும் வேண்டாம், இன்வெர்ட்டரை மாற்றுவதும் வேண்டாம் என்றால், இன்வெர்ட்டருக்கும் கணினிக்கும் நடுவில் 600 விஏ அளவுள்ள சிறு யுபிஎஸ் ஒன்றை வைத்துச் சமாளிக்கலாம். ஆனால் அதற்குள்ளும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணிப் பேட்டரி ஒன்று இருக்கிறது, அதையும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பதைச் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பொத்தானை அழுத்தினால் விசிறி சுற்றுகிறது, திரையில் நிறுவனத்தின் சின்னமும் வருகிறது, உடனே அணைந்துவிடுகிறது. ரேமைக் கழற்றி, அழிப்பானால் தேய்த்து மாட்டியும் அப்படியே. – கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு எண்ணுங்கள். ஒவ்வொரு முறையும் சரியாக நான்கு அல்லது ஐந்து நொடியில் அணைகிறதா? பொத்தானைத் தொடர்ந்து நான்கு நொடி அழுத்திப் பிடித்தால் கணினியை வலிந்து அணைத்துவிட வேண்டும் என்பது மதர்போர்டுக்கு விதிக்கப்பட்டிருக்கிறது. நீங்கள் விரலை எடுத்துவிட்டாலும், பொத்தான் உள்ளே சிக்கிக்கொண்டிருந்தால் மதர்போர்டைப் பொறுத்தவரை நீங்கள் இன்னும் அழுத்திக்கொண்டேதான் இருக்கிறீர்கள். தூசும் வியர்வையும் சேர்ந்த பழைய கேபினட்டுகளில் இது மிகச் சாதாரணம்.

மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுப் பக்கவாட்டுப் பலகையைத் திறந்து, முன்புறத்திலிருந்து வரும் மெல்லிய கம்பிகளில் 'பவர் எஸ்டபிள்யூ' என்று எழுதியிருக்கும் இணைப்பை மட்டும் மதர்போர்டிலிருந்து உருவிவிடுங்கள். பிறகு மின்சாரம் கொடுத்து, அது மாட்டியிருந்த இரு ஊசிகளையும் ஸ்குரூ டிரைவரின் நுனியால் ஒரு கணம் தொட்டு எடுங்கள். அங்கே இருப்பது 5 வோல்ட்டுக்கு மேற்படாத மின்சாரம், அச்சம் வேண்டாம். ஆனால் பக்கத்து ஊசிகளைத் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கணினி எழுந்து அணையாமல் நின்றால் பழுது பொத்தானில்தான். புதிய பொத்தான் வாங்கும் வரை, 'ரீசெட்' பொத்தானின் கம்பியை அந்த ஊசிகளில் மாட்டி அதையே பயன்படுத்தலாம்.

நான்கு நொடி என்ற கணக்கு பொருந்தாமல், ஒரே நொடியில் அணைந்து அணைந்து எழுகிறது என்றால் கதை வேறு. பிராசஸருக்கு அருகில் மாட்டும் தனி 12 வோல்ட் இணைப்பு தளர்ந்திருக்கிறதா, மதர்போர்டின் அடியில் திருகு எதுவும் விழுந்து கிடக்கிறதா என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கேள்வி: திருமணக் காணொளிகளைத் தொகுக்கும் வேலை செய்கிறேன். ஏற்றுமதி செய்யும்போது, இருபது நிமிடத்தில் கணினி எந்த எச்சரிக்கையும் இன்றி அணைந்துவிடுகிறது. விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவன்ட் வியூவரில் 'கெர்னல்-பவர் 41' என்ற பிழை காட்டுகிறது. இது எஸ்எம்பிஎஸ் பிழை என்று நண்பர் சொல்கிறார். – வாசகர், கோயம்புத்தூர்

பதில்: 41 என்பது பிழையின் பெயரும் அல்ல, காரணமும் அல்ல. 'சென்ற முறை நான் முறையாக அணைக்கப்படவில்லை' என்று விண்டோஸ் அடுத்த முறை எழுந்தபின் எழுதி வைக்கும் குறிப்பு அது. வேண்டுமென்றே மின்கம்பியைப் பிடுங்கினாலும் அதே 41 தான் வரும். அந்தக் குறிப்பைத் திறந்தால் உள்ளே 'பக்செக் கோட்' என்று ஒரு வரி இருக்கும். அதில் சுழியம் இருந்தால், விண்டோஸ் முடங்கும்போது வரும் நீலத்திரை எதுவும் பதிவாகாமலே இயக்கம் அறுந்திருக்கிறது, மின்சாரமோ வெப்பமோ காரணமாக இருக்கலாம் என்று மட்டும் கொள்ளலாம். வேறு எண் இருந்தால் விண்டோஸ் தானே தடுமாறி விழுந்திருக்கிறது, மென்பொருளையோ ரேமையோ பார்க்க வேண்டும். இதே இடத்தில் 1074 என்ற எண் கண்ணில் பட்டால், ஒரு நிரலோ பயனரோ கேட்டுக்கொண்டபடி முறையாகவே அணைந்தது என்று பொருள். யார் கேட்டார்கள் என்பதும் அதில் எழுதியிருக்கும்.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பயன்பட்டது அந்த இருபது நிமிடம்தான். எஸ்எம்பிஎஸ்ஸுக்குத் திறன் போதாமல் போனால், சுமை ஏறிய சில நொடிகளிலேயே விழுந்துவிடுவது வழக்கம். மெல்ல மெல்லச் சேர்ந்து ஓர் எல்லையைத் தொடுவது வெப்பத்தின் இயல்பு. அணைந்த கையோடு மறுபடி தொடங்கி, அதே ஏற்றுமதியை ஓட விடுங்கள். இம்முறை ஐந்தாறு நிமிடத்திலேயே அணைந்தால் ஏறக்குறைய உறுதிதான். ஏற்கெனவே சூடாக இருந்ததால் எல்லையை விரைவாகத் தொட்டுவிட்டது. இன்றைய பிராசஸர்கள் பெரும்பாலும் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது முதலில் தம் வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. அதையும் மீறிப் போனால்தான் தம்மைக் காத்துக்கொள்ள அணைந்துவிடுகின்றன. அணைவதற்குச் சில நிமிடங்களுக்கு முன் ஏற்றுமதியின் வேகம் மந்தமானதா என்பதை நினைத்துப் பாருங்கள்.

பஞ்சாலைகள் நிறைந்த ஊரில் இருக்கிறீர்கள். பிராசஸரின் வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் துண்டான ஹீட் சிங்கின் இதழ்களுக்கும் விசிறிக்கும் இடையில், போர்வை போலப் பஞ்சு படிந்திருந்தால் வியப்பில்லை. விசிறியைக் கழற்றி, தூரிகையாலும் ஊதுகருவியாலும் சுத்தம் செய்யுங்கள். ஊதும்போது விசிறியின் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். ஹீட் சிங்கையும் எடுத்தால், அதற்கும் பிராசஸருக்கும் இடையில் வெப்பத்தைக் கடத்தும் காய்ந்த தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாக ஒரு பயறு அளவு வைத்தால் போதும். அள்ளிப் பூசுவதால் பயனில்லை.

இவ்வளவும் செய்த பிறகும் அணைந்தால் உங்கள் நண்பர் சொன்னது சரியாக இருக்கலாம். மல்டிமீட்டர் உள்ள ஒருவரிடம், ஏற்றுமதி நடந்துகொண்டிருக்கும்போதே மஞ்சள் கம்பியின் மின்னழுத்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். 12 வோல்ட்டில் 5 விழுக்காடு ஏற்ற இறக்கம் ஏற்கத்தக்கது, 11.4-க்குக் கீழே இறங்கினால் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றியாக வேண்டும். சும்மா இருக்கும் கணினியில் அளந்துவிட்டு 'நன்றாக இருக்கிறது' என்று திருப்பி அனுப்பும் கடைகளும் உண்டு என்பதால், சுமையோடு அளந்தார்களா என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: கணினியை அணைத்த பிறகும் விசைப்பலகையின் விளக்கும் மவுஸின் சிவப்பு வெளிச்சமும் விடிய விடிய எரிகின்றன. இது கோளாறா? மின்கட்டணம் ஏறுமா? – ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: கோளாறு அன்று, ஐயா. ஈரோட்டு வாசகிக்கு எழுதிய பதிலில் வரும் அந்த 5 வோல்ட் ஊதாக் கம்பியிலிருந்துதான் உங்கள் மவுஸும் உண்கிறது. விசையைத் தட்டிக் கணினியை எழுப்பும் வசதிக்காக, மதர்போர்டு அந்த மின்சாரத்தை யுஎஸ்பி துளைகளுக்கும் விட்டுவைத்திருக்கிறது. பயாஸில் 'ஈஆர்பி' என்றோ 'டீப் ஸ்லீப்' என்றோ இருக்கும் வரியை இயக்கினால் விளக்குகள் அணைந்துவிடும். ஈஆர்பி என்ற பெயர் ஐரோப்பிய ஒன்றியத்தின் விதியிலிருந்து வந்தது. அணைந்த நிலையில் ஒரு கருவி 0.5 வாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது என்று 2013 முதல் அங்கே கட்டாயமாக்கியிருக்கிறார்கள். கட்டணத்தைப் பொறுத்தவரை, அணைந்த கணினி 2 வாட் இழுப்பதாகவே வைத்துக்கொண்டாலும், நாள் முழுவதும் அப்படியே கிடந்தால் மாதத்துக்கு ஒன்றரை யூனிட்டைத் தாண்டாது. வெளிச்சம் உறக்கத்தைக் கெடுக்கிறது என்றால் மட்டும் சுவர் சுவிட்சை அணைத்துவிட்டுப் படுங்கள்.